வினையும் இரக்கமும்

நுழையும்முன்

நோயுற்றுத் துடிக்கும் பச்சிளங்குழந்தையைக் காணும் எவருள்ளத்திலும் ஒரு வினா எழும். இறைவன் எல்லாம் வல்லவன், அருளே வடிவானவன் என்றால், குற்றமறியாத இவ்வுயிர் ஏன் துன்புற வேண்டும்? மேலைநாட்டுச் சமய மெய்யியலும் இந்திய மெய்யியலும் இவ்வினாவைத் தத்தம் வழியில் ஆராய்ந்துள்ளன. அவ்விரண்டின் கருத்துகளையும் ஒப்பிட்டு நோக்குவது இப்பாடம்.

வினாவின் வடிவம்

1955இல் ஜே. எல். மேக்கி என்னும் மெய்யியலறிஞர் இவ்வினாவை அளவையியல் முறையில் முன்வைத்தார். இறைவன் எல்லாம் வல்லவன். இறைவன் முழுமையும் நல்லவன். உலகில் தீமை உள்ளது. இம்மூன்றும் ஒருங்கே உண்மையாதல் இயலாது என்பது அவர் வாதம்.

இவ்வினா நம் மண்ணுக்குப் புதியதன்று. பிரம்மசூத்திரத்தின் இரண்டாம் இயலில் இத்தடை எழுப்பப்படுகிறது. சிலரை இன்பத்திலும் சிலரைத் துன்பத்திலும் வைத்து உலகைப் படைத்தவன் என்றால், இறைவனுக்குப் பாரபட்சமும் இரக்கமின்மையும் உண்டாகாவோ என்பதே அத்தடை.

வேதாந்தம் தரும் விடை

இதற்கு உரை வகுத்த சங்கரர் மழையை உவமை காட்டுகிறார். நெல்லுக்கும் வாற்கோதுமைக்கும் மழை பொதுவானது. ஒன்று நெல்லாகவும் மற்றொன்று வாற்கோதுமையாகவும் விளைவதற்கு அவற்றின் வித்துகளே காரணம். அதுபோல, இறைவன் எல்லா உயிர்க்கும் பொதுக் காரணம். உயிர்களின் நிலை வேறுபடுவதற்கு அவை செய்த வினைகளே காரணம். முதற்பிறவியில் வினை எங்கிருந்து வந்தது எனின், வித்தும் முளையும்போலப் பிறவித்தொடர் தொடக்கமற்றது என்பர்.

சைவ சித்தாந்தம் தரும் விடை

பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தை முதலாகக் கொண்டு வளர்ந்தது சைவ சித்தாந்த சாத்திர மரபு. இதன்படி உயிர் இறைவனால் படைக்கப்பட்டதன்று. செம்பில் களிம்பு போல ஆணவமும் உயிரைத் தொன்றுதொட்டே பற்றியுள்ளது. அதனை நீக்கி உயிரைப் பக்குவப்படுத்தவே இறைவன் உடலையும் உலகையும் தருகிறான். வினைப்பயனாக வரும் துன்பமும், மருத்துவன் பரிவோடு கட்டியை அறுப்பதுபோல அருளின் செயலே.

ஜான் ஹிக் 1966இல் வெளியிட்ட நூலில் இதனோடு ஒப்பிடத்தக்க கருத்தைக் காண்கிறோம். உலகம் இன்பமாளிகை அன்று. ஆன்மா முதிர்ச்சி பெறும் களம் என்றார் அவர். எனினும் ஒரு வேறுபாடு உண்டு. ஹிக்கின் கருத்தில், முதிராத நிலையில் மனிதரைப் படைத்தவர் கடவுளே. சித்தாந்தத்தில் உயிரின் குறைக்கு இறைவன் காரணனல்லன்.

தெரிந்து தெளிவோம்

பதி, பசு, பாசம் என்பன சைவ சித்தாந்தம் கூறும் முப்பொருள்கள். பதி இறைவன், பசு உயிர், பாசம் உயிரைப் பிணிக்கும் தளை. இம்மூன்றும் தொடக்கமற்றவை.

எதிர்வினா

வினைக்கோட்பாட்டின்மீது இக்கால அறிஞர்கள் தடைகள் எழுப்பியுள்ளனர். இப்பிறவியின் வேறுபாட்டுக்கு முற்பிறவியையும் அதற்கு அதன் முற்பிறவியையும் காட்டிக்கொண்டே சென்றால், விளக்கம் தள்ளிப்போகுமேயன்றி நிறைவுறாது என்கிறார் ஹிக். நினைவில் இல்லாத செயலுக்குப் பெறும் தண்டனை எவ்வாறு திருத்தும் என்பது மற்றொரு தடை. இவற்றினும் கூர்மையான தடை ஒன்றுண்டு. துன்புறுவோர் தம் வினையை நுகர்கின்றனர் என்றால், நாம் ஏன் உதவ வேண்டும்?

வடலூர் தந்த விடை

இறுதித் தடைக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வள்ளலார் விடை கூறியுள்ளார். பசித்தவருக்கு உணவளிப்பது இறையாணைக்கு மாறாகுமோ என்னும் ஐயத்தை 'ஜீவகாருண்ய ஒழுக்கம்' என்னும் உரைநடை நூலில் அவரே எழுப்புகிறார். கொடிய குற்றம் செய்து சிறைப்பட்டவருக்கும் அரசன் தன் ஏவலரைக் கொண்டு உணவளிக்கச் செய்கிறான். ஆகவே, பசி நீக்குதல் இறைவனின் ஆணைக்கு உடன்பாடானதே என்பது அவர் தரும் விளக்கம். 1867இல் வடலூரில் சத்திய தருமச்சாலையை நிறுவி, அவ்விளக்கத்துக்குச் செயல்வடிவமும் தந்தார். உணவு நாடி வந்தவரிடம் அங்கு எவரும் முற்பிறவிக் கணக்குக் கேட்கவில்லை.

இதனால் ஓர் உண்மை தெளிவாகிறது. வினைக்கோட்பாடு இறைவனின் நடுவுநிலைமை குறித்த ஐயத்துக்குத் தரப்பட்ட விடை. அதனை எடுத்து, துன்புறும் ஒருவரை நோக்கி 'இது உன் வினை' என்று தீர்ப்புரைத்தல் அக்கோட்பாட்டின் நோக்கத்தை மறந்த செயலாகும். துன்பம் ஏன் வந்தது என்னும் வினாவுக்கு விடை காண அறிஞர்கள் இன்றும் வாதிடுகின்றனர். அதைத் துடைக்க நாம் என்ன செய்ய வேண்டும் என்னும் வினாவோ அவ்வாதம் முடியும்வரை காத்திராது.

கற்பவை கற்றபின்

1. சங்கரரின் மழை உவமையையும் சைவ சித்தாந்தத்தின் மருத்துவன் உவமையையும் ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதுக.
2. 'வினைக்கோட்பாடு இரக்கத்துக்குத் தடையா?' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.