அணு மோதலும் கணிப்பொறித் தொகுதியும்

புதுடில்லியில், 1984-இல் அணுக்கரு விஞ்ஞான மையம் என்ற பெயரில் தொடங்கப்பெற்ற நிலையம் இன்று பல்கலைக்கழகங்களுக்கிடையேயான முடுக்கி மையம் என வழங்குகிறது. அங்குள்ள பெல்லட்ரான் என்னும் யந்திரம், அயனிகளுக்கு மிகுந்த வேகமூட்டித் திண்மப் பொருள்கள்மீது மோதச் செய்கிறது. மோதிய பின் பொருள் அடைந்த மாறுதலைக் கருவிகள் காட்டும். மோதும்போது உள்ளே நிகழ்வதோ, ஒரு விநாடியின் லட்சம் கோடியில் சில பங்குக்குள் நிகழ்ந்து முடிகிறது. அதைக் கணக்கினாலேயே தொடர வேண்டும். பொருள் விஞ்ஞானம், அணுப் பௌதிகம் ஆகியவற்றின் கணக்குகளுக்கென, விநாடிக்கு உச்ச அளவில் 30 கோடி கோடிக் கணக்குகள் செய்யவல்ல 'பரம் ருத்ரா' என்னும் கணிப்பொறித் தொகுதி 2024 செப்டம்பர் 26-இல் இம்மையத்தில் தொடங்கி வைக்கப்பட்டது.

பத்து லட்சம் அணுக்கள் கொண்ட ஓர் இரும்புத் துண்டை எடுத்துக்கொள்வோம். தலைமயிரின் தடிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட அது இராது. ஒவ்வோர் அணுவையும் அண்டை அணுக்கள் எவ்வளவு விசையுடன் ஈர்க்கின்றன, தள்ளுகின்றன என்று கணித்து, அதனைச் சிறிது நகர்த்த வேண்டும். ஓர் அடிக்குரிய காலம், விநாடியைப் பத்துக் கோடி கோடிக் கூறாக்கினால் அதில் ஒரு கூறு. விநாடியின் நூறு கோடியில் ஒரு பங்கைக் கடக்கவே பத்து லட்சம் அடிகள் வேண்டும்.

தொகுதி என்பது ஒரே பெரும் பொறியன்று. பல பொறிகளின் கூட்டு. வயலைப் பாத்தி பிரிப்பதுபோல இரும்புத் துண்டைப் பிரித்து, பொறிக்கு ஒரு பாத்தியாக அளிப்பர். வரப்பை ஒட்டிய அணுக்களின் நிலையை ஒவ்வோர் அடியிலும் அண்டைப் பொறிக்கு அறிவித்தாக வேண்டும். அச்செய்தி தாமதித்தால் மற்றவை வேலையின்றிக் காத்து நிற்கும். பொறிகளைக் கூட்டக் கூட்ட வேகமும் கூடும் என எண்ணுவது பிழை. பாத்தி மிகச் சிறுத்தால் உழவைவிட வரப்பு வேலையே மிகுந்துவிடும்.

விடையைச் சேமிப்பதும் எளிதன்று. ஓர் அணுவின் நிலைக்கும் திசைவேகத்துக்கும் ஆறு எண்கள். எண்ணுக்கு 8 பைட்டு. ஒரு முறை பதிய 4.8 கோடி பைட்டு வேண்டும். எல்லா அடிகளையும் பதிந்தால் 48 லட்சம் கோடி பைட்டு! ஆயிரம் அடிக்கு ஒரு முறை பதிந்தால் 4,800 கோடியோடு முடியும். ஆனால் கொந்தளிப்பின் உச்சம் அந்த முதல் ஆயிரம் அடிகளுக்குள்ளேயே வந்து போய்விடக்கூடும். ஆகவே தொடக்கத்தில் நெருக்கமாகவும் பின்னர் அரிதாகவும் பதிவதே தக்கது.

பின்னர் பகுப்பாய்வு. மோதலுக்கு முன்னிருந்த படிக இருப்பிடங்களோடு பதிவை ஒப்பிட்டு, எந்த இடம் காலி, எங்கே இரண்டு அணுக்கள் நெருக்குண்டு நிற்கின்றன என்று எண்ணுவர். பெயர்ந்த அணுக்களுள் பெரும்பாலானவை ஏதேனும் ஓர் இருப்பிடத்தில் மீண்டும் அமர்ந்துவிடும். எஞ்சும் சிலவே கேடு விளைப்பவை. அணு உலையில் நியூட்ரான்கள் தாக்கும் உருக்குக் கலம் பல்லாண்டுகளில் நொறுங்கும் தன்மை பெறுவதற்கு இத்தகைய குறைகளும் காரணமாகும். எனினும் இக்கணக்கு விநாடியின் நூறு கோடியில் ஒரு பங்கோடு நின்றுவிடுகிறது. காலியிடங்களோ வெப்பத்தால் நாட்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நகர்ந்து திரள்கின்றன. இங்கே பெற்ற எண்ணிக்கையை முதலாகக் கொண்டு, அந்த நகர்வுக்கு வேறொரு வகைக் கணக்கைத் தொடங்க வேண்டும்.