301 போடும் முன்: ரீடைரக்டும் ரிவர்ஸ் ப்ராக்ஸியும்

இரண்டும் பெரும்பாலும் ஒரே கான்ஃபிக் கோப்பில் இருப்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் பலர். ரீடைரக்டில் சர்வர் பக்கத்தைத் தருவதில்லை. அது வேறு முகவரியில் இருக்கிறது என்று பிரவுசரிடம் சொல்லி அனுப்பிவிடுகிறது. முகவரிப் பட்டையும் மாறிவிடுகிறது. ரிவர்ஸ் ப்ராக்ஸியில் சர்வரே உள்ளே போய்ப் பக்கத்தை வாங்கி வந்து கொடுக்கிறது. முகவரி மாறாது, பின்னால் எந்தப் போர்ட்டில் எந்தச் செயலி ஓடுகிறது என்பதும் வாசகருக்குத் தெரியாது. தளத்தின் டொமைன் மாறினால் முதலாவது வேண்டும். 8080 போர்ட்டில் ஓடும் செயலியைத் தளத்தின் பெயரில் காட்ட இரண்டாவது வேண்டும். கீழே உள்ளவை என்ஜின்எக்ஸை மனத்தில் வைத்து எழுதியவை.

செய்ய வேண்டியவை

பழைய முகவரிகளை முதலில் பட்டியலிடுங்கள். எந்தெந்தப் பக்கங்களுக்கு ஆட்கள் வருகிறார்கள் என்பது அக்சஸ் லாக்கிலேயே இருக்கிறது. ஒவ்வொரு பழைய பக்கத்தையும் அதற்கு நேரான புதிய பக்கத்துக்கே அனுப்புங்கள். எல்லாவற்றையும் முகப்புக்குத் தள்ளிவிட்டால், கட்டுரையைத் தேடி வந்தவர் வெறுங்கையோடு திரும்புவார். வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ, முகவரிகளை நிலையாக வைத்திருப்பது தளம் நடத்துபவரின் பொறுப்பு என்று 1998இலேயே வாதிட்டு எழுதினார். அந்தப் பொறுப்பு இன்றும் குறையவில்லை. நூற்றுக்கணக்கான முகவரிகள் இருந்தால் தனித்தனி விதி எழுதாமல் 'மேப்' பகுதியில் அட்டவணையாகப் போடுங்கள்.

302இல் தொடங்கி, சரிபார்த்தபின் 301க்கு மாறுங்கள். 301 என்றால் நிரந்தர மாற்றம். பிரவுசர் அதைச் சேமித்துக்கொண்டு அடுத்த முறை உங்கள் சர்வரைக் கேட்காமலே புதிய இடத்துக்குப் போய்விடும். தப்பான 301ஐ நீங்கள் சர்வரில் அழித்தாலும், ஏற்கெனவே வந்துபோனவரின் கணினியில் அது நாள்கணக்கில் தங்கிவிடலாம். 302 தற்காலிகம்; தவறைத் திருத்த வழி இருக்கும். படிவம் வந்து சேரும் முகவரியை மாற்றினால் 307 அல்லது 308 போடுங்கள். 301, 302 இரண்டிலும் பிரவுசர் போஸ்ட் கோரிக்கையை கெட் ஆக மாற்றிவிடும். நிரப்பிய தகவல் போய்விடும்.

வந்தவர் யார், எந்த வழியாக வந்தார் என்பதைச் செயலிக்குச் சொல்லுங்கள். ப்ராக்ஸி சொல்வதைத் தவிர வெளியுலகம் பற்றிச் செயலிக்கு எதுவும் தெரியாது. ஹோஸ்ட், எக்ஸ்-ஃபார்வேர்டட்-ஃபார், எக்ஸ்-ஃபார்வேர்டட்-ப்ரோட்டோ ஆகிய மூன்று ஹெடர்களையும் அனுப்புங்கள். முதலாவது இல்லாவிட்டால் 'ப்ராக்ஸி பாஸ்' வரியில் உள்ள உள்முகவரியே தளத்தின் பெயர் என்று செயலி நினைக்கும். இரண்டாவது இல்லாவிட்டால் எல்லா வாசகரும் 127.0.0.1இலிருந்து வந்ததாக லாக்கில் பதிவாகும். மூன்றாவது விடுபட்டால்தான் பெரிய தொல்லை. வாசகர் எச்டிடிபிஎஸ் வழியாக வந்திருந்தும், சாதாரண எச்டிடிபியில் வந்ததாக நினைத்துச் செயலி அவரை எச்டிடிபிஎஸ்ஸுக்கே திருப்பி அனுப்பும். அவர் மீண்டும் வருவார், அது மீண்டும் அனுப்பும். முடிவில் பிரவுசர் பிழை காட்டி நின்றுவிடும். இந்த ஹெடர்களை யாரும் போலியாக அனுப்பலாம் என்பதால், உங்கள் ப்ராக்ஸியிடமிருந்து வந்தால் மட்டும் நம்பும்படி செயலியை அமையுங்கள்.

கடைசிச் சாய்கோட்டைக் கவனியுங்கள். லொகேஷன் '/கடை/' என்று இருக்கிறது. 'ப்ராக்ஸி பாஸ்' முகவரி போர்ட் எண்ணோடு முடிகிறது என்று வையுங்கள். '/கடை/பட்டியல்' கேட்டால் செயலிக்கும் அதுவே போகும். போர்ட் எண்ணுக்குப் பின் ஒரு சாய்கோடு சேர்த்தால் '/பட்டியல்' மட்டுமே போகும். எது வேண்டும் என்பது செயலியைப் பொறுத்தது. காரணம் புரியாத 404 வந்தால் நான் முதலில் பார்க்கும் இடம் இதுதான்.

தமிழ் முகவரிகளைத் தனியாகச் சோதியுங்கள். தமிழ்த் தளம் நடத்துபவர்கள் அதிகம் வழுக்குவது இங்கே. யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட். சதவீதக் குறியோடு எழுதினால் 9 எழுத்து. 'அம்மா' என்ற சொல் மட்டும் 45 எழுத்தாக நீளும். லொகேஷனைப் பொருத்தும்போது என்ஜின்எக்ஸ் இதை அவிழ்த்துத்தான் பார்க்கிறது. ஆகவே விதியைத் தமிழிலேயே எழுதலாம். ஆனால் போய்ச்சேர வேண்டிய முகவரியைச் சதவீத வடிவத்தில்தான் கொடுக்க வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. 'கொ' என்பதில் வரும் உயிர்க்குறியை ஒற்றைக் குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலும் எனப் பிரித்து இரண்டு குறியீடாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும், சர்வருக்கு இரண்டும் வேறு வேறு. பழைய கட்டுரைகள் பலர் பலவகையில் தட்டச்சு செய்தவை என்றால் இரண்டு வடிவத்துக்கும் விதி வேண்டும்.

சோதித்துவிட்டு ரீலோட் செய்யுங்கள். கான்ஃபிக் சோதனைக் கட்டளை சில விநாடியில் முடியும். ரீலோட் செய்யும்போது கோப்பில் பிழை இருந்தால் பழைய அமைப்பே தொடரும். ரீஸ்டார்ட் செய்தால் தளமே விழுந்துவிடலாம்.

செய்யக்கூடாதவை

எச்டிடிபியிலிருந்து எச்டிடிபிஎஸ், அங்கிருந்து புது டொமைன், அங்கிருந்து புதுப் பக்கம் என்று வாசகரை அலையவிடாதீர்கள். கூகுளின் தேடல் பாட் 10 தாவல்கள் வரைதான் பின்தொடரும். கைபேசியில் மெதுவான இணைப்பில் இருப்பவருக்கு ஒவ்வொரு தாவலும் காத்திருப்பு. ஒரே தாவலில் கொண்டுபோய்ச் சேருங்கள்.

'ரிட்டர்ன்' வரியில் 'யூஆர்ஐ' மாறியைப் போடாதீர்கள். 'ரெக்வெஸ்ட் யூஆர்ஐ' போடுங்கள். முதலாவது அவிழ்த்த வடிவம் என்பதால், யாராவது புதுவரிக் குறியை ஒளித்து அனுப்பினால் அது பதிலின் ஹெடருக்குள் நுழைந்துவிடும். கேள்விக்குறிக்குப் பின் உள்ளதும் அதில் வராது.

முகவரியில் வரும் அளபுருவை எடுத்து அப்படியே அங்கே திருப்பிவிடாதீர்கள். உங்கள் டொமைன் பெயரை நம்பிச் சொடுக்குபவரை மோசடித் தளத்துக்கு அனுப்ப அதுவே வழியாகும். அனுமதித்த முகவரிகளைப் பட்டியல் போட்டு, அதில் இருந்தால் மட்டும் அனுப்புங்கள்.

அப்பாச்சியில் ரிவர்ஸ் ப்ராக்ஸிக்காக 'ப்ராக்ஸி ரெக்வெஸ்ட்ஸ்' அமைப்பை ஆன் செய்யாதீர்கள். அது வேறு வேலைக்கானது. ஆன் ஆனால் ஊரில் உள்ள யாரும் உங்கள் சர்வர் வழியாக எங்கும் போகலாம்.

செயலியை எல்லா முகவரியிலும் கேட்க விடாதீர்கள். 127.0.0.1இல் மட்டும் கேட்கட்டும். 8080 வெளியே திறந்திருந்தால், ப்ராக்ஸியில் நீங்கள் வைத்த காவல் எதுவும் பயன்படாது.

502 வந்ததும் டைம்அவுட்டைக் கூட்டாதீர்கள். 502 வந்தால் செயலி ஓடுகிறதா என்று பாருங்கள். 504 என்றால் செயலி பதில் சொல்லத் தாமதிக்கிறது. இயல்பான காத்திருப்பு 60 விநாடி. கோப்பு ஏற்றும்போது 413 வந்தால் காரணம் வேறு: என்ஜின்எக்ஸ் இயல்பாக அனுமதிப்பது 1 எம்பி மட்டுமே. எரர் லாக் மூன்றையும் பிரித்துச் சொல்லும். அதைப் படிக்காமல் எதையும் மாற்றாதீர்கள்.

கடைசியாக, பழைய டொமைனைக் கைவிடாதீர்கள். ரீடைரக்டுகளைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். என்னைக் கேட்டால் கட்டணம் கட்ட முடிகிறவரை வைத்திருக்க வேண்டும். காலாவதியான டொமைனை வேறு யாராவது வாங்கினால், புத்தகங்களிலும் நண்பர்களின் மடல்களிலும் உள்ள உங்கள் பழைய இணைப்புகளெல்லாம் அவர் சொல்லும் இடத்துக்குப் போகும். பழைய டொமைன் எப்போது காலாவதியாகிறது என்று இன்றே பாருங்கள்.