வெள்ள நாளில் வண்டி எங்கே? அமெச்சூர் வானொலி தரும் துணை

பாலாற்றுப் பகுதி மக்கள் 2021-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தை எளிதில் மறக்க மாட்டார்கள். பல்லாண்டு மணலாகக் கிடந்த ஆறு கரைபுரண்டு ஓடியது. பேரணாம்பட்டில் வீட்டுச் சுவர் இடிந்து ஒன்பது பேர் மாண்டனர். இத்தகைய இரவில் ஓர் ஊராட்சி மீட்புக்கு அனுப்பிய டிராக்டர் எங்கே நிற்கிறது என்பது உயிர் காக்கும் செய்தியாகும். கைப்பேசிக் கோபுரம் செயலற்றுப்போனால் அச்செய்தியை எவ்வாறு பெறுவது? இதற்கு அமெச்சூர் வானொலி வழி காட்டுகிறது.

தோற்றம்

அமெரிக்கக் கடற்படைக் கல்விக்கழகத்தில் பணியாற்றிய பாப் புருனிங்கா என்ற பொறியாளர், 1984-ஆம் ஆண்டில், நூறு மைல் தூரக் குதிரையோட்டம் ஒன்றில் குதிரைகள் எங்கெங்கு உள்ளன என்பதை அறிவிக்கச் சிறு கணிப்பொறியையும் வானொலியையும் இணைத்தார். அம்முயற்சியே வளர்ந்து இன்று 'ஏ.பி.ஆர்.எஸ்.' என்ற பெயரால் உலகெங்கும் வழங்குகிறது.

செயல்படும் முறை

வண்டியில் மூன்று பொருள்கள் வேண்டும். முதலாவது, செயற்கைக்கோள்களின் குறிப்பைக் கொண்டு இருப்பிடத்தைக் கணிக்கும் ஜி.பி.எஸ். கருவி. இரண்டாவது, அக்கணிப்பை ஒலிக்குறிகளாக மாற்றும் சிறு சாதனம். மூன்றாவது, 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசையில் இயங்கும் வானொலி. வண்டியின் 12 வோல்ட் பாட்டரியே இவற்றுக்குப் போதும்.

ஒரு செய்தியை அனுப்ப ஏறத்தாழ ஒரு விநாடியே ஆகும். இருப்பிடம் சுமார் 18 மீட்டர் நுட்பத்தில் தெரியும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் டிராக்டர் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை செய்தி அனுப்பினால், ஒவ்வொரு கிலோமீட்டரிலும் அதன் இருப்பிடம் நமக்குப் புலனாகும்.

இவ்வலைகள் பெரும்பாலும் நேர்க்கோட்டில் செல்வன. குன்று குறுக்கிட்டால் தடைப்படும். ஆதலால், செய்தியை ஏற்று மீண்டும் அனுப்பும் நிலையத்தை உயரமான இடத்தில் அமைப்பர். ஏலகிரி போன்ற மலைமேல் அத்தகைய நிலையம் ஒன்று அமையுமாயின், வாணியம்பாடி, ஆம்பூர்ச் சமவெளியின் பெரும்பகுதிக்கு அது பயன்படும். சில செய்திகள் வழியில் தவறக்கூடும். திரும்பத் திரும்ப அனுப்புவது இதன் பொருட்டே.

எல்லைகள்

நம் பகுதியில் தோல் ஆலைகளுக்குப் பச்சைத் தோலும் இரசாயனமும் ஏற்றிச் செல்லும் லாரிகள் மிகுதி. அவற்றைக் கண்காணிக்க இம்முறையைக் கைக்கொள்ளலாமா என்று சிலர் கேட்கக்கூடும். கூடாது என்பதே விடை. வாணிபத்துக்கு அமெச்சூர் வானொலியைப் பயன்படுத்த விதிகள் இடந்தரா. ஆனால் அதே லாரி வெள்ள நிவாரணத்துக்கு வருமாயின், மத்திய அரசின் தேர்வில் தேறி உரிமம் பெற்ற ஒருவரின் பொறுப்பில் கருவியைப் பொருத்தலாம். இச்செய்திகளை யாவரும் கேட்கக்கூடும் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

ஊராட்சிகள் செய்யத்தக்கவை

2004-ஆம் ஆண்டு சுனாமியின்போது போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத் என்ற அம்மையாரும் அவருடைய குழுவினரும், மற்றத் தொடர்புகள் அற்ற நிலையில், அமெச்சூர் வானொலி வழியே தாயகத்துக்குச் செய்தி அனுப்பினர். அவர்கள் தம் கருவிகளுடன் முன்னரே அங்குச் சென்றிருந்தமையால் அது இயன்றது. ஆயத்தமே யாவற்றுக்கும் அடிப்படை.

ஆகவே, அங்கத்தினர்கள் முதலில் தம் வட்டாரத்தில் உரிமம் பெற்றவர்கள் யாவர் என்று விசாரித்தறிதல் வேண்டும். ஆர்வமுள்ள இளைஞர்களைத் தேர்வுக்கு ஊக்குவித்தல் வேண்டும். மீட்புக்கு உதவக்கூடிய டிராக்டர், லாரி உரிமையாளர்களின் பட்டியலை ஊராட்சி அலுவலகத்தில் வைத்தல் வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னர், ஒரு வண்டியில் கருவியைப் பொருத்தி, ஏரிக்கரைக்கும் தாழ்ந்த தெருக்களுக்கும் ஓட்டிச் சென்று, எவ்விடத்தில் செய்தி கிட்டுகிறது, எவ்விடத்தில் கிட்டவில்லை என்று வரைபடத்தில் குறித்துக்கொள்ளுதல் நலம். வெள்ளம் வந்தபின் கற்க அவகாசம் இராது. வறண்ட நாளில் கற்றதே அன்று கைகொடுக்கும்.