இணையவழியா, நேரடியா? ரோவிலிலிருந்து இயற்கை மருத்துவம் பயிலத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

மெல்பேர்ணின் தென்கிழக்கே அமைந்த ரோவிலிலிருந்து இயற்கை மருத்துவப் பட்டப்படிப்பில் சேர எண்ணும் ஒருவருக்கு, இணையவழியில் பயில்வதா நேரில் சென்று பயில்வதா என்ற கேள்வி பெரும்பாலும் பயணத்திலிருந்தே எழுகிறது. ரோவிலுக்கான ரயில் பாதை 1969ஆம் ஆண்டின் போக்குவரத்துத் திட்டத்தில் இடம்பெற்றும் இன்றுவரை போடப்படவில்லை. எனவே ஸ்டட் பார்க் கடைத்தொகுதியில் 900ஆம் இலக்கப் பேருந்து ஏறி, மோனாஷ் பல்கலைக்கழகத்தைக் கடந்து, ஹன்டிங்டேல் நிலையத்தில் ரயிலுக்கு மாறித்தான் நகரத்தை அடைய வேண்டும். வேலையும் வீட்டுப் பொறுப்பும் உள்ளவருக்கு இது சிறிய சுமையன்று. ஆயினும் பயண நேரத்தை முதல் அளவுகோலாகக் கொள்வோர், இக்கல்வியின் தன்மையையும் அதைச் சூழ்ந்துள்ள விதிகளையும் பார்க்கத் தவறிவிடுகின்றனர். தெரிவைத் தீர்மானிக்க வேண்டியவை அவையே.

தமிழகத்தில் இயற்கை மருத்துவம் என்றால் நீர்ச் சிகிச்சை, மண் பூச்சு, உண்ணாநோன்பு, யோகம் ஆகியவை நினைவுக்கு வரும். அவுஸ்திரேலியாவிலோ அப்பெயரில் கற்பிக்கப்படுவது பெரும்பகுதி மூலிகைச் சாறுகள், ஊட்டச்சத்து, உணவு ஆலோசனை ஆகியவற்றைக் கொண்டு நோயாளரைக் கவனிக்கும் முறையாகும். இத்தொழில், 2010இல் தொடங்கிய தேசியப் பதிவு முறைக்குள் இல்லை. சீன மருத்துவம் 2012இல் அம்முறைக்குள் வந்துவிட, இயற்கை மருத்துவர்களை இன்றும் அவர்களது தொழிற்சங்கங்களே அளந்து ஏற்றுக்கொள்கின்றன. 1920இல் தொடங்கிய, இயற்கை மருத்துவர்களையும் மூலிகை மருத்துவர்களையும் கொண்ட சங்கம் அவற்றுள் மூத்தது. அரசுப் பதிவு இல்லாத இடத்தில், பெற்ற பட்டத்தை எந்தச் சங்கம் ஏற்கும் என்பதே பட்டத்தின் மதிப்பாகிறது. உலக சுகாதார நிறுவனம் 2010இல் வெளியிட்ட அளவுகோல், குறைந்தது 1500 மணி நேரக் கல்வியையும், அதனுள் மேற்பார்வையுடன் கூடிய 400 மணி நேரச் சிகிச்சைப் பயிற்சியையும் கோருகிறது. அந்த 400 மணி நேரம் எங்கே, யார் முன்னிலையில் கழிகிறது என்பதே இரு வழிகளையும் ஒப்பிடுவோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

உயிர்வேதியியல், நோய்க்கூற்றியல், ஊட்டச்சத்து, ஆய்வுமுறை போன்ற பாடங்கள் திரைவழியே நன்றாகவே கற்கத்தக்கவை. விரிவுரையை நிறுத்தி மீண்டும் கேட்கும் வசதி, ஆங்கிலத்தில் பள்ளிக் கல்வி பெறாதவருக்கு வகுப்பறையைவிடக் கூடுதல் உதவியாகவும் அமையலாம். மருந்து கலக்கும் கூடத்தில் நிலைமை வேறு. தொண்டைக்கு அதிமதுரத்தை வாயில் அடக்கும் பழக்கம் தமிழ் வீடுகளில் உண்டு; அதே வேர், ஒரு பங்கு எடைக்கு இரண்டு பங்கு திரவம் என்ற விகிதத்தில் செறிந்த சாறாகும்போது, தொடர்ந்து அருந்துபவரின் இரத்த அழுத்தத்தை உயர்த்தவும் பொட்டாசியத்தைக் குறைக்கவும் வல்லது. ஆகவே அதைப் போத்தலில் அளந்து ஊற்றும் மாணவர், எதிரில் இருப்பவரின் கையில் பட்டை கட்டி அழுத்தம் பார்க்கவும் பழகியிருக்க வேண்டும். சாற்றின் நிறமும் மணமும் சுவையும் சரிதானா என்று அறியும் பயிற்சியும் அக்கூடத்திலேயே கிடைக்கிறது.

நோயாளரிடம் விவரம் கேட்கும் கலை இன்னும் நுட்பமானது. நீரிழிவுக்கு மெற்போமின் விழுங்கும் முதிய தாயொருவர், வேறு மருந்து ஏதும் எடுக்கிறாரா என்ற கேள்விக்கு இல்லை என்றே சொல்வார்; காலையில் குடிக்கும் பாகற்காய்ச் சாறும் ஊறவைத்த வெந்தயமும் அவர் கணக்கில் சாப்பாடு. அவை மாத்திரையோடு சேர்ந்து சர்க்கரையை மேலும் இறக்கக்கூடும் என்பதால், கேள்வியை வேறு விதமாகக் கேட்டு அவர் முகத்தையும் கவனித்து உண்மையை வரவழைக்கும் திறன் மாணவருக்கு வேண்டும். அத்திறன், அருகில் மேற்பார்வையாளர் இருந்து திருத்தும் மாணவர் சிகிச்சையகத்திலேயே வளர்கிறது. காணொளி ஆலோசனை இன்று தொழிலின் ஒரு பகுதி என்பது உண்மை. அது நேர்ப் பயிற்சியோடு சேர்க்கப்பட வேண்டியதே அன்றி அதற்கு மாற்றாகாது.

விதிகளின் பக்கம், மாணவர் விசாவில் வந்திருப்போருக்குத் தெரிவே மிகக் குறுகியது: 2018இன் தேசிய விதிக்கோவைப்படி அவர்கள் படிப்பின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இணையத்தில் பயில முடியாது, எந்தக் கட்டாயப் பருவத்தையும் முழுக்க இணையத்திலேயே கழிக்கவும் இயலாது. நிரந்தர வதிவிடம் மட்டும் உள்ளவருக்குச் சிக்கல் பணத்தில் வருகிறது. தனியார் கல்லூரிக் கட்டணத்துக்கான ஃபீ-ஹெல்ப் கடன் பெரும்பாலும் குடியுரிமை பெற்றோருக்கும் நிரந்தர மனிதாபிமான விசா உடையோருக்குமே கிடைக்கும். மற்றையோர் ஒவ்வொரு பருவக் கட்டணத்தையும் முன்கூட்டியே கட்ட வேண்டும். குடியுரிமை விண்ணப்பம் முடிவை எட்டும் நிலையில் இருப்பவர், படிப்பைச் சில மாதங்கள் தள்ளித் தொடங்குவது, இணையவழியால் மிச்சமாகும் பேருந்துச் செலவைவிடப் பன்மடங்கு இலாபகரமானது.

நிறுவனங்களைப் பார்க்கும்போது, 1961இல் மெல்பேர்ணில் தோன்றிய சதர்ன் ஸ்கூல் ஒஃப் நச்சுரல் தெரபீஸ் பின்னர் டொரென்ஸ் பல்கலைக்கழகத்துக்குள் சென்றது. நியூ சவுத் வேல்ஸின் வடக்கே லிஸ்மோரில் சதர்ன் குரொஸ் பல்கலைக்கழகம் இத்துறைக்கென ஒரு தேசிய மையத்தை அமைத்தது. லிஸ்மோர் போன்ற தொலைவிலுள்ள நிறுவனத்தில் சேரும் ரோவில் மாணவர், சிகிச்சைப் பயிற்சி மெல்பேர்ணிலேயே ஏற்பாடு செய்யப்படுமா, அல்லது ஆண்டுக்குச் சில வாரங்கள் அங்கு சென்று தங்க வேண்டுமா என்பதை எழுத்தில் பெறுவது அவசியம். காப்பீட்டு விடயமும் இதனோடு பிணைந்தது: 2019 ஏப்ரல் 1 முதல் தனியார் காப்பீட்டிலிருந்து நீக்கப்பட்ட 16 சிகிச்சை முறைகளுள் ஒன்றான இயற்கை மருத்துவம், 2025 ஜூலை 1 முதல் மீண்டும் சேர்க்கத்தக்கதாயிற்று. காப்பீட்டு நிறுவனங்கள் சங்க உறுப்புரிமையைப் பார்ப்பதால், சங்கம் ஏற்காத முழு இணையப் பட்டம் வருமானத்தின் வாசலிலேயே தடுக்கப்படும்.

சென்னை அரும்பாக்கம் அரசு இயற்கை மருத்துவக் கல்லூரி போன்றவற்றில் ஐந்தரை ஆண்டுப் பட்டம் பெற்று வந்தோர், அத்தகுதி இங்கே தானாகவே ஏற்கப்படும் என எண்ணலாகாது. ஆயினும் முன்படிப்புக்கான விலக்குகளைக் கோரலாம். அவர்களுக்கு மீதியாவது பெரும்பாலும் சில கோட்பாட்டுப் பாடங்கள் என்றால் இணையவழி இயல்பாகவே பொருந்தும். மருத்துவச் சூழலே புதிதான, பள்ளி முடித்த மாணவருக்கு அது பொருந்தாது: உடன் பயில்வோரும் கூடப் பயிற்சி செய்யக் கைகளும் இன்றி முதலாண்டைக் கடப்பவர், இரண்டாம் ஆண்டுச் சிகிச்சையகத்தில் தயங்கி நிற்க நேரும்.

இரண்டுக்கும் நடுவே நிற்போர், முதற்பருவத்தில் ஒரு பாடத்தை இணையத்திலும் ஒரு பாடத்தை வளாகத்திலும் எடுத்துப் பார்க்கலாம். ஒவ்வொரு பாடத்துக்கும் கணக்கெடுப்பு நாள் என்ற இறுதித் தேதி உண்டு. அதற்கு முன் எழுத்தில் விலகுவோர் மீது அப்பாடத்தின் கடன் ஏறாது. சேர்க்கை நாளிலேயே அத்தேதியைக் குறித்துக்கொண்டு, அதற்கு ஒரு வாரம் முன்பே முடிவெடுப்பது நன்று.