சாங்கியில் ஓர் இரவு

சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் விடியும்வரை காத்திருக்க வேண்டுமா? புறப்படும் ஊரில் பெட்டியைப் போடும்போதே, அது கடைசி ஊர்வரை நேராகப் போகுமா என்று கேட்டுவிடுங்கள். தனித்தனி டிக்கெட் என்றால் வெளியே வந்து பெட்டியை எடுத்து மறுபடி போட நேரலாம். அப்படி வெளியே வர இந்திய பாஸ்போர்ட்டுக்குப் பொதுவாக விசா வேண்டும். 40 மீட்டர் அருவி கொட்டும் ஜூவல் வணிக வளாகமும் குடிநுழைவுக்கு வெளியேதான் இருக்கிறது.

பெட்டி நேராகப் போகும் என்றால், விசா இல்லாவிட்டாலும் கவலை வேண்டாம். உள்ளேயே கால் நீட்டிப் படுக்கச் சாய்வு நாற்காலிகள் உண்டு. நள்ளிரவுக்கு மேல் ஏசி குளிர் எலும்பைத் தொடும்; சால்வையும் காலுறையும் பெரிய பெட்டிக்குள் போய்விடாமல் கைப்பையில் இருக்கட்டும்.

விசா இருந்து, அடுத்த விமானம் மதியம் என்றால், காலை ரயிலில் லிட்டில் இந்தியா போய்வாருங்கள். அங்குள்ள தேக்கா சந்தையில் சூடான தோசையும் ‘தே தாரிக்’ எனும் ஆற்றிய பால் தேநீரும் கிடைக்கும். புறப்பாட்டுக்கு மூன்று மணி நேரம் முன்பே திரும்பிவிடுங்கள்.