எழுத ஆள் எடுக்கும் முன்

2025 மே மாதம் அமெரிக்காவின் ‘சிகாகோ சன்-டைம்ஸ்’ நாளிதழோடு ஓர் இணைப்பு வெளியானது. கோடை விடுமுறையில் படிக்க வேண்டிய 15 புத்தகங்களின் பட்டியல் அதில் இருந்தது. பட்டியலில் இருந்த எழுத்தாளர்கள் நிஜமானவர்கள். இசபெல் அயெந்தேகூட அவர்களில் ஒருவர். ஆனால் 15-ல் 10 புத்தகங்களை யாருமே எழுதவில்லை. இணைப்பை வெளியிலிருந்து எழுதிக் கொடுத்தவர் ஏஐ கருவியிடம் கேட்டு வாங்கிய பட்டியலைச் சரிபார்க்காமல் அனுப்பிவிட்டார். இணைப்பைத் தயாரித்தது வேறொரு நிறுவனம். நாளிதழின் ஆசிரியர் குழு அச்சுக்கு முன் அதைப் பார்க்கவே இல்லை. இருந்தும் வாசகர்களின் கோபம் நாளிதழின் மீதுதான் திரும்பியது.

இணையதளத்துக்கும் முகநூல் பக்கத்துக்கும் எழுத ஆள் தேடும் ஜவுளிக்கடை, மசாலா கம்பெனி, பல் மருத்துவமனை எல்லாவற்றுக்கும் இதே நிலைதான். எழுதுகிறவர் யாராக இருந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் முதலாளி. சரளமான வாக்கியத்தைப் பார்த்து ஆள் எடுத்த காலம் போய்விட்டது. சரளம் இன்று யாருக்கும் சில நிமிடங்களில் கிடைக்கிறது. ஒவ்வொரு தகவலும் எங்கிருந்து வந்தது என்று எழுதியவரால் சொல்ல முடிகிறதா என்பதைத்தான் கடைசிவரை பார்க்க வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாமே அந்த ஒன்றைக் கண்டுபிடிப்பதற்கானவை.

ஆள் தேவை என்று போடும் முன்

முதல் வேலை நிறுவனத்துடையது. என்ன எழுத வேண்டும், யார் படிக்கப் போகிறார்கள், எழுதுகிறவர் சந்தேகம் கேட்டால் நிறுவனத்தில் யார் பதில் சொல்வார், வெளியிடும் முன் யார் சரிபார்ப்பார் என்று அரைப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ‘வாரம் நாலு கட்டுரை, எஸ்இஓ தெரிந்திருக்க வேண்டும்’ என்று மட்டும் விளம்பரம் கொடுத்தால், கட்டுரையை எண்ணிக்கையில் விற்கிறவர்கள்தான் வருவார்கள்.

சம்பளத்தையும் இப்போதே யோசித்துவிடுவது நல்லது. ஆயிரம் சொல்லில் ஒரு நல்ல கட்டுரை எழுத வேண்டுமென்றால் இரண்டு பேரிடமாவது பேச வேண்டும், படிக்க வேண்டும், எழுதித் திருத்த வேண்டும். ஒரு நாளாவது போய்விடும். அந்த ஒரு நாளுக்குக் கட்டுப்படியாகாத தொகையைக் கொடுத்தால் எழுதுகிறவர் எங்காவது நேரத்தை மிச்சப்படுத்தித்தான் ஆக வேண்டும். பெரும்பாலும் விட்டுப்போவது சரிபார்க்கும் வேலைதான்.

முதல் கடிதத்திலேயே தெரிவது

விண்ணப்பங்கள் வந்ததும் வாக்குறுதிகளைத் தனியாகக் கவனிக்க வேண்டும். ‘கூகுளில் முதலிடம் உறுதி’ என்று எழுதியிருந்தால் அதை அங்கேயே நிறுத்திவிடலாம். முதலிடத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டுக் குறிப்பில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. ‘தினமும் 10 கட்டுரை, ஒவ்வொன்றும் 1,500 சொல்’ என்பது இன்னொரு வகை. கூட்டிப் பார்த்தால் நாளுக்கு 15,000 சொல். இவ்வளவையும் ஒருவர் படித்து, கேட்டு, எழுதுவது நடக்காத காரியம். தேடலில் இடம் பிடிப்பதற்காகவே குவியல் குவியலாகப் பக்கங்களை உருவாக்குவதை 2024 மார்ச்சில் கூகுள் தன் ஸ்பேம் விதிகளில் சேர்த்தது. அந்தப் பக்கங்களை எழுதியது இயந்திரமா மனிதரா என்ற பேதம் அந்த விதியில் இல்லை. ஆகவே வெறும் எண்ணிக்கை இப்போது பலம் இல்லை. தளத்துக்கே ஆபத்தாக முடியலாம்.

‘எந்தத் தலைப்பிலும் எழுதுவேன்’ என்பது மட்டும் குற்றமாகாது. சிறுநீரகக் கல், ஜிஎஸ்டி, பட்டுப் புடவை என்று மாறி மாறி எழுதும் திறமைசாலிகள் உண்டு. அவர்களிடம் ஒரு பழக்கம் இருக்கும்: கேள்விகளோடு வருவார்கள். வாங்குகிறவர்கள் யார், கடைக்குப் போன் செய்து அதிகம் கேட்பது என்ன, தயாரிப்புப் பிரிவில் யாரிடம் பேசலாம், முன்பு எழுதியவரின் கட்டுரையில் எது சரிப்படவில்லை என்று விசாரிப்பார்கள். தொகையையும் கெடு தேதியையும் தவிர வேறு எதையுமே கேட்காமல் ‘சரி சார், நாளைக்கே ஆரம்பித்துவிடலாம்’ என்பவரிடம்தான் எச்சரிக்கை தேவை. இந்த வரிசையில் இதைவிடப் பெரிய அறிகுறி வேறு கிடையாது.

காட்டும் மாதிரிகள் அவருடையவைதானா?

2023 நவம்பரில் ‘ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்’ என்ற புகழ்பெற்ற அமெரிக்க விளையாட்டு இதழின் இணையதளத்தைப் பற்றி ‘ஃபியூச்சரிசம்’ என்ற செய்தித்தளம் ஒரு கட்டுரை வெளியிட்டது. பொருள் விமர்சனங்களை எழுதியதாகப் போடப்பட்டிருந்த சில பெயர்களில் ஆட்களே இல்லை. அவர்களுடைய புகைப்படங்கள், ஏஐ உருவாக்கிய முகங்களை விற்கும் ஒரு தளத்தில் விற்பனைக்குக் கிடந்தன. அந்தப் பக்கங்களைக் கொடுத்தது வெளி நிறுவனம் ஒன்று என்று விளக்கம் சொல்லி, இதழின் பதிப்பகம் அவற்றை நீக்கியது.

பல பத்தாண்டு மரபுள்ள இதழுக்கே இப்படி நடக்கும்போது சிறு நிறுவனம் பத்து நிமிடம் ஒதுக்கிச் சரிபார்ப்பதில் தவறில்லை. விண்ணப்பித்தவரின் படத்தைக் கூகுள் லென்ஸில் போட்டுப் பார்க்கலாம். மாதிரிக் கட்டுரையிலிருந்து தனித்தன்மையுள்ள இரண்டு வாக்கியங்களை எடுத்து, மேற்கோள் குறிக்குள் வைத்துத் தேடலாம். வேறொருவர் பெயரில் அவை வெளியாகியிருந்தால் விளக்கம் கேட்கலாம்.

‘பெயர் போடாமல் எழுதிக் கொடுத்தேன், ஒப்பந்தப்படி காட்ட முடியாது’ என்ற பதில் அடிக்கடி வரும். பல நேரம் அது உண்மையாகவே இருக்கும். அதற்காக ஒருவரை ஒதுக்குவது அநியாயம். கட்டுரையைக் காட்டச் சொல்லாமல் அது உருவான விதத்தைச் சொல்லச் சொல்லலாம். யாரிடம் பேசினார், எந்தத் தகவலைப் பிடிப்பது கஷ்டமாக இருந்தது, வாடிக்கையாளர் எதைத் திருத்தச் சொன்னார்? நிஜமாக எழுதியவரிடம் இதற்கெல்லாம் பதில் இருக்கும். பேசப் பேசப் புதுப்புது விவரங்கள் வரும். எழுதாதவரின் பேச்சு ‘நன்றாக ஆராய்ச்சி செய்தேன்’ என்பதைத் தாண்டாது.

காசு கொடுத்து வைக்கும் சோதனை

அடுத்தது 300, 400 சொல்லில் ஒரு சோதனைக் கட்டுரை. இதற்குக் கண்டிப்பாகப் பணம் கொடுக்க வேண்டும். பத்துப் பேரிடம் இலவசமாக எழுதி வாங்குவது நேர்மையும் இல்லை, பலனும் இல்லை. வேலை தெரிந்தவர்கள் அந்த இடத்திலேயே விலகிக்கொள்வார்கள்.

தலைப்பைத் தேர்ந்தெடுப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. இணையத்தில் ஏற்கெனவே ஆயிரம் முறை எழுதப்பட்ட ‘மஞ்சளின் பத்து நன்மைகள்’ வேண்டாம். ஈரோட்டில் மஞ்சள்தூள் அரைக்கும் ஒரு கம்பெனி என்று வைத்துக்கொண்டால், ‘எங்கள் மில்லுக்கு வரும் மஞ்சள் தூளாகும் வரை’ என்று கொடுக்கலாம். கொள்முதல் பார்ப்பவரின் போன் எண்ணையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். விரலியா கிழங்கா, எந்த மண்டியில் எடுக்கிறார்கள், வேகவைத்ததை எத்தனை நாள் காயப்போடுகிறார்கள், பாலிஷ் எங்கே நடக்கிறது என்பதெல்லாம் போன் செய்தவருக்கு மட்டுமே தெரியும். கட்டுரை வந்ததும் முதலில் கொள்முதல்காரரைக் கூப்பிட்டு, போன் வந்ததா என்று கேட்டுவிட வேண்டும். வரவில்லை, ஆனால் கட்டுரையில் விவரங்கள் நிரம்பி வழிகின்றன என்றால் மேலே படிக்கத் தேவையில்லை.

பிறகு எண்கள். கட்டுரையில் உள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் ஆண்டுக்கும் ஆதாரம் கேட்க வேண்டும். ஈரோடு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2019-ல். மஞ்சளில் குர்குமின் அளவு பொதுவாக 3 சதவீதத்தை ஒட்டி இருக்கும். 30 சதவீதம் என்று ஒருவர் எழுதியிருந்தாலும் வாக்கியம் அதே சரளத்தோடுதான் ஓடும், கண்ணில் படாது. அமெரிக்காவின் ‘சிநெட்’ தளத்தில் அதுதான் நடந்தது. ஏஐ எழுதிய நிதி விளக்கக் கட்டுரைகள் 77 அங்கே வெளியாகின. தவறுகள் அம்பலமானதும் 2023 ஜனவரியில் 41 கட்டுரைகளுக்குத் திருத்தம் போட வேண்டி வந்தது. 10,000 டாலரை ஆண்டுக்கு 3 சதவீத வட்டியில் போட்டால் முதல் ஆண்டில் 10,300 டாலர் சம்பாதிக்கலாம் என்று ஒன்றில் இருந்தது. கிடைக்கும் வட்டி 300 டாலர்தான். எந்தக் கடையின் கணக்கரும் ஒரு பார்வையில் பிடித்திருப்பார். அந்த எண்ணை யாரும் நின்று சரிபார்க்கவில்லை என்பதுதான் பிரச்சினை.

நல்ல அறிகுறி ஒன்றையும் இங்கே தேட வேண்டும். ‘இந்த அளவை மில்லில் கேட்டு உறுதி செய்யவும்’ என்று ஓரிரு இடங்களில் குறிப்பு எழுதி அனுப்புகிறவர் கிடைத்தால் விடக் கூடாது. தெரியாதது எதுவுமே இல்லை என்பதுபோல் எழுதப்பட்ட கட்டுரையைவிட அது பல மடங்கு நம்பத் தகுந்தது.

ஏஐ கண்டுபிடிக்கும் கருவிகளை நம்பலாமா?

நம்பி ஒருவருடைய பிழைப்பைத் தீர்மானிக்கக் கூடாது. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ 2023 ஜனவரியில் இப்படி ஒரு கருவியை வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் திரும்பப் பெற்றது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் தேர்வுக்கு எழுதிய கட்டுரைகளில் பாதிக்கு மேற்பட்டவற்றை, ஏஐ எழுதியவை என்று இத்தகைய கருவிகள் தவறாகக் குறித்ததை ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அதே 2023-ல் காட்டினார்கள். தமிழ்நாட்டிலிருந்து ஆங்கிலத்தில் எழுதுகிற பெரும்பாலோர் அந்த வகையில்தான் வருவார்கள். உண்மையாக உழைத்து எழுதியவரை ஒரு சதவீதக் கணக்கைக் காட்டி விரட்டுவது பெரிய கொடுமை.

ஏஐ-யைத் தொடுவதே பாவம் என்பதும் இல்லை. எந்தக் கட்டத்தில், எதற்காகப் பயன்படுத்துகிறார் என்று நேரடியாகக் கேட்டு, அந்தப் பதிலை ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டால் போதும். மறைப்பதுதான் ஆபத்து. கூகுள் டாக்ஸில் எழுதச் சொன்னால் கட்டுரை எப்படி வளர்ந்தது என்பதை அதன் திருத்த வரலாறு காட்டும். முழுக் கட்டுரையும் ஒரே நொடியில் வந்து ஒட்டியிருந்தால் விசாரிக்கலாம். வேறிடத்தில் எழுதிக் கொண்டுவந்து ஒட்டுகிறவர்களும் இருப்பதால் அதையே சாட்சியாக்கக் கூடாது. எல்லாவற்றையும்விடப் பத்து நிமிடத் தொலைபேசிப் பேச்சு அதிகம் சொல்லும்.

தமிழில் எழுதுகிறவர் என்றால்

பல நிறுவனங்கள் ஆங்கிலத்துக்குத் தேர்வு வைத்து ஆள் எடுத்துவிட்டு, ‘அப்படியே தமிழிலும் போட்டுவிடுங்கள்’ என்கின்றன. அங்கேதான் இயந்திர மொழிபெயர்ப்பு நுழைகிறது. ‘எங்கள் கிரைண்டர் உங்கள் சமையலறையின் ஒருங்கிணைந்த பகுதியாகும்’ என்பது போன்ற வரி வந்தால் அது யார் வாயிலும் பிறந்ததல்ல. கோவையில் கிரைண்டர் வாங்க வருகிறவர் எத்தனை லிட்டர், டில்டிங்கா, எத்தனை கல், மோட்டாருக்கு எத்தனை வருட வாரண்டி என்று கேட்பார். கட்டுரையைக் கடையில் விற்பனைக்கு நிற்கும் ஒருவரிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்வதே இதற்கு நல்ல பரிசோதனை. அவர் தடுமாறுகிற இடங்களில் வாடிக்கையாளரும் தடுமாறுவார்.

ஒற்று ஓரிரண்டு விட்டுப்போவதைப் பெரிதுபடுத்த வேண்டாம். ஆனால் ‘பள்ளி’ வர வேண்டிய இடத்தில் ‘பல்லி’ இருந்தால், எழுதியவர் ஒரு முறைகூடத் திருப்பிப் படிக்கவில்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டி அனுப்புகிறவரும் இன்னும் இருக்கிறார்; அதை இணையதளத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளாகச் சிதறும். தமிழ்நாடு அரசே 2010-ல் யூனிகோடுக்கு மாறும் முடிவை எடுத்துவிட்டது. வேறு எல்லாம் நன்றாக இருந்தால் யூனிகோடில் தட்டுவதைக் கற்றுக்கொடுத்துவிடலாம்.

சட்டம் தெரிந்தவரா?

உணவு, மூலிகை, மருத்துவம் சார்ந்த தொழில் என்றால் இந்தப் படியைத் தாண்டவே கூடாது. நேர்காணலில், ‘நம் சிறுதானிய மாவு சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று ஒரு வரி சேர்த்துவிடலாமா?’ என்று கேட்டுப் பார்க்கலாம். ‘தாராளமாக’ என்பவர் நிறுவனத்தை வம்பில் மாட்டிவிடுவார். நீரிழிவு உள்ளிட்ட பட்டியலிட்ட நோய்களை மருந்து குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 1954-ம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் தடை செய்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. பதஞ்சலி நிறுவனம் 2024-ல் உச்ச நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து நாளிதழ்களில் பகிரங்க மன்னிப்பு வெளியிட நேர்ந்தது இத்தகைய விளம்பரங்களால்தான். ‘இதை எழுதக் கூடாது சார்’ என்று முதலாளியிடமே மறுத்துச் சொல்கிறவர் சம்பளத்துக்கு மேல் மதிப்புள்ளவர்.

ஒப்பந்தமும் முதல் மாதமும்

பணம் கொடுத்தாலே கட்டுரை நிறுவனத்துக்குச் சொந்தம் என்று பலர் நினைக்கிறார்கள். மாதச் சம்பள ஊழியர் வேலையின் பகுதியாக எழுதினால் அப்படித்தான். வெளியிலிருந்து எழுதிக் கொடுப்பவர் விஷயத்தில், 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றத்தை எழுத்தில் கையெழுத்தோடு வாங்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுதான் செல்லும். எந்த இடங்களுக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் சரக்கு அனுப்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒப்பந்தம் என்றதும் நழுவுகிறவர், முழுத் தொகையையும் முன்பணமாகக் கேட்கிறவர், சொல்லாமல் வேலையை வேறொருவரிடம் கைமாற்றுகிறவர் ஆகியோரை இங்கேயே நிறுத்திவிடலாம். கூகுளில் கிடைத்த படங்களை எடுத்து ஒட்டுவதில்லை என்பதையும் ஒரு ஷரத்தாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

சேர்த்த பிறகும் ஒரு மாதம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு கட்டுரைக்கும் அடுத்ததற்கும் நடையே மாறினால் வேறு யாரோ எழுதுகிறார்கள். சுட்டிக்காட்டிய பிழை மூன்றாவது முறையும் வந்தால் குறிப்பை அவர் படிக்கவே இல்லை. இணையதளம் வேர்ட்பிரஸில் இருந்தால், புதியவருக்கு நிர்வாகி அனுமதி கொடுக்காமல் ‘கான்ட்ரிபியூட்டர்’ கணக்கு கொடுப்பது நல்லது. அதில் எழுதி வைக்க முடியும், தானாக வெளியிட முடியாது. வெளியிடும் பொத்தான் நிறுவனத்தில் ஒருவர் கையில் இருக்க வேண்டும். சரிப்படாமல் பிரிய நேர்ந்தால், முடித்த கட்டுரைகளுக்கான பணத்தை உடனே கொடுத்து, ஆதாரக் குறிப்புகளை வாங்கிக்கொண்டு, அன்றைக்கே கணக்கை மூடிவிட வேண்டும்.