பழைய லேப்டாப்பை எடைக்குப் போடாதீர்கள்

4 ஜிபி ராம் இருந்தால் போதும், பழைய லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு நன்றாகவே ஓடும். முதலில் பென்டிரைவிலிருந்து இயக்கி, வைஃபை, சவுண்ட், டச்பேட் எல்லாம் வேலை செய்கிறதா என்று பாருங்கள். நிறுவுவதற்கு முன் போட்டோக்களை வேறிடத்தில் நகலெடுத்து வையுங்கள். கையில் கொஞ்சம் காசிருந்தால் ஹார்டு டிஸ்க்கை மாற்றி எஸ்எஸ்டி போடுங்கள். வித்தியாசம் உடனே தெரியும்.

அதே லேப்டாப்பில் மொபைல் கேம் எழுத ஆசையா? கோடோ என்ஜின் இலவசம். ரெண்டரராக ‘கம்பேட்டிபிலிட்டி’யைத் தேர்ந்தெடுங்கள்; பழைய கிராஃபிக்ஸுக்கு அதுதான் தோது. கேமைச் சோதிக்க எமுலேட்டர் பக்கமே போகாதீர்கள், லேப்டாப் திணறிவிடும். ஆண்ட்ராய்டு போனில் ‘பில்ட் நம்பரை’ 7 முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் யுஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய்து, கேமை நேராகப் போனிலேயே ஓட்டிப் பாருங்கள். வேலை முடிந்ததும் டீபக்கிங்கை ஆஃப் செய்துவிடுங்கள்.